தகரப்பெட்டியும் தமிழ்க் கட்டுரையும்

2006ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சிகாமட் நகரை வெள்ளம் சூழ்ந்தது. சிகாமட் ஆறும் அது சென்று கலக்கும் மூவார் ஆறும் ஒருசேரக் கரைபுரண்டன. 2007 ஜனவரியில் மீண்டும் நீர் ஏறிற்று. வெள்ளம் வடிந்தபின் துயர்துடைப்பு நிலையங்களிலிருந்து வீடு திரும்பிய மக்கள், சேறு படிந்த மெத்தைகளையும் ஊறிப் பருத்த பலகை அலமாரிகளையும் வாசலில் கொண்டுவந்து குவித்தனர். குப்பை லாரிகள் வந்து அவற்றை வாரிச் சென்றன. அக்குவியல்களுக்கிடையே துருவேறிய தகரப்பெட்டிகளும் கிடந்தன. அவற்றினுள் நனைந்து ஒட்டிப்போன கடிதக்கட்டுகள் இருந்தன. முகம் கரைந்த நிழற்படங்கள் இருந்தன. அவற்றைப் பிரித்துப் பார்க்க எவருக்கும் அன்று நேரமில்லை, மனமும் இல்லை.

இழந்த பொருள்களுக்கு அரசு உதவிற்று, பொதுமக்களும் உதவினர். அரிசி வந்தது, பாய் வந்தது, பிள்ளைகளுக்குப் பள்ளிச்சீருடை வந்தது. கடிதக்கட்டுக்கு ஈடு தருவார் எவருமிலர். 2011இலும் 2023இலும் சிகாமட் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கிற்று. ஒவ்வொரு முறையும் பெட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது.

ஆயினும், வெள்ளத்தை மட்டும் குறைகூறுதல் முறையன்று. நீரில் மூழ்குவதற்கு நெடுங்காலம் முன்பே அப்பெட்டிகள் மறதியில் மூழ்கியிருந்தன. தோட்டத்து லயத்தைக் காலி செய்து நகரத்து மலிவுவிலை வீட்டிற்குக் குடிபெயர்ந்தபோது, ‘பழைய குப்பை’ என்று பலர் அவற்றை விட்டுவந்தனர். போகிப் பண்டிகையன்று கந்தலோடும் கிழிந்த பாயோடும் சேர்த்து எரித்தோரும் உண்டு. இவ்விருவர்க்கும் முன்னதாகக் குற்றம் புரிந்தவர் வேறொருவர். அவரே தமிழ் வகுப்பறையில் நின்றவர். “உன் வீட்டுப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? பாட்டியைக் கேட்டு எழுதிவா” என்று அவர் மாணவனை ஒருநாளும் பணித்ததில்லை. மதிப்பற்றதென்று பள்ளியே கருதிய ஒன்றைப் பெற்றோர் குப்பையில் எறிந்தால், அவர்களை நோவானேன்?

குடும்பத்திலும் நட்பிலும் பயணத்திலும் வழிபாட்டிலும் நிகழும் அன்றாடச் சிறு நிகழ்ச்சிகளை உண்மையாக எழுதும் பயிற்சியைத் தமிழ்க்கல்வி கைவிட்டுவிட்டது. அதனால் மலேசியத் தமிழர் தம் வரலாற்றை இழந்து வருகின்றனர். தம் மொழியின் உயிர்நாடியையும் இழந்து வருகின்றனர். கடுமையான குற்றச்சாட்டுத்தான், ஆயினும் சான்றுகள் சிகாமட் மண்ணிலேயே கிடக்கின்றன.

பெட்டியினுள் இருந்தவை

கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909இல் நிறைவுற்றது. பத்து ஆனம், சிகாமட், கெனுவாங், தெனாங், லாபிஸ், பெக்கோக் எனப் பாதையோரம் நிலையங்கள் எழுந்தன. அவற்றின் இருமருங்கும் காடுகள் அழிந்து இரப்பர்த் தோட்டங்கள் தோன்றின. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் கைவிடப்பட்டபின், கங்காணியின் சொல்லை நம்பி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தோர் பலர். தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை அவ்வரவு நீடித்தது. வந்தவர் பலரிடம் ஒரு பெட்டியே சொத்தாக இருந்தது.

அப்பெட்டியில் சேர்ந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் ஒரு நூற்றாண்டு வரிசையாக வந்து நிற்கும். ஊரிலிருந்து வந்த கடிதங்கள் மேலாக இருக்கும். மழை பெய்ததா, மாடு ஈன்றதா, தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்ததா என்பவற்றைச் சொல்லி, இறுதியில் பணம் கேட்டு முடியும் கடிதங்கள் அவை. எழுதப் படிக்கத் தெரியாத தாய், தோட்டத்து ஆசிரியரிடமோ கிராணியிடமோ கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பாள். ஆகவே, ஒரு கடிதத்தில் எழுதியவர் வாழ்வும் உண்டு. படித்துக் காட்டியவர் வாழ்வும் உண்டு. கேட்டு அழுதவள் வாழ்வும் உண்டு.

கடிதங்களுக்கு அடியில் வாழைமரப் படம் அச்சிட்ட ஜப்பானியர் காலத்து நோட்டுகள் இருக்கும். 1942இலிருந்து மூன்றரை ஆண்டுக்காலம் செல்லுபடியான அந்நோட்டு 1945இல் வெறுங்காகிதமாயிற்று. மூட்டையாக வைத்திருந்தவன் ஒரே நாளில் ஏழையானான். ஆயினும் சிலர் ஓரிரண்டை எறியாமல் வைத்துக்கொண்டனர். எதற்காக என்று கேட்டிருந்தால் ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்லியிருப்பர். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் மலாயாவிற்கு வந்து இந்திய தேசிய இராணுவத்திற்குப் புத்துயிரூட்டியபோது தோட்டத்துப் பெண்டிரும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். அத்தகைய குடும்பங்களின் பெட்டிகளில் அவருடைய படமும் இருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. மாதந்தோறும் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளர் பங்குதாரராயினர். பால்மரம் வெட்டிய கை பங்குச்சிட்டையைப் பற்றிய அந்நாள் சிறிய நாளா? ஆயினும், அச்சிட்டையைக் கொண்டுவந்து கொடுத்த மாலையில் கணவனும் மனைவியும் என்ன பேசிக்கொண்டனர் என்பதை எழுதிவைத்தோர் இலர்.

இவற்றுக்கிடையே நட்பின் சின்னங்களும் உண்டு. ஆறாம் ஆண்டு முடிந்து பிரிகையில் தோழர்கள் எழுதிக் கொடுத்த கையெழுத்து ஏடு. ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஆண்டுக்கணக்கில் கடிதம் எழுதிய பேனா நண்பரின் படம். நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்தில் இரவல் கைக்கடிகாரம் கட்டி எடுத்துக்கொண்ட படம். வானொலியில் விரும்பிய பாடல் கேட்டு அஞ்சலட்டை எழுதுகையில், பாட்டின் பெயரை ஒரு வரியிலும் தோழர்தம் பெயர்களைப் பத்து வரியிலும் எழுதிய தலைமுறை அது. அப்பெயர்கள் ஒருமுறை காற்றில் ஒலித்தால், லயம் முழுதும் அன்று திருவிழாக் கொண்டாடிற்று.

பயணமும் வழிபாடும்

மூத்தோர் தம் காலத்தைக் கணக்கிட்ட முறையும் பயணத்தையும் திருவிழாவையும் சார்ந்தது. “ரஜூலாக் கப்பலில் வந்த ஆண்டு” என்பர்; “சிதம்பரம் கப்பலில் அம்மா ஊர்போன ஆண்டு” என்பர். ரஜூலா 1926இல் கட்டப்பட்டு 1970களின் தொடக்கம்வரை ஓடிற்று. எம்.வி. சிதம்பரம் 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது. கப்பலேறி ஊர்செல்லும் காலம் அதனோடு முடிந்தது. அக்கப்பல்களின் கீழ்த்தளத்தில் பாய்விரித்துப் படுத்து, புளிச்சோற்றையும் ஊறுகாயையும் அடுத்த பாய்க்காரருடன் பகிர்ந்துண்டு வந்தோர் இன்று முதுமையின் எல்லையில் நிற்கின்றனர். அவர்கள் பேரப்பிள்ளைகள் இருவகைப் பயணத்தையும் காணக்கூடிய ஊரில் வாழ்கின்றனர். முந்தியோர் புகைவண்டியில் வந்திறங்கிய சிகாமட்டிற்கு 2025 முதல் கோலாலம்பூரிலிருந்து மின்தொடர்வண்டி வருகின்றது. பாட்டனின் பயணத்தையும் பேரனின் பயணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதத்தக்க வாய்ப்பு எல்லாத் தலைமுறைக்கும் கிட்டுவதன்று.

வழிபாட்டுச் செய்தியும் இத்தகையதே. தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கு நட்ட கல்லும், மாரியம்மன் கோயில் தீமிதியும் எந்தச் சூழலில் தோன்றின? பாம்பும் மலைக்காய்ச்சலும் மலிந்திருந்த காட்டில் வாழ்ந்தோர், பிள்ளை பிழைத்தால் இன்னது செய்வேன் என்று வேண்டிக்கொண்ட வேண்டுதல்களே அக்கோயில்களின் அடிக்கல். மாசி மகத்திற்கு மலாக்காவின் செங் சன்னாசிமலைக்கும், பங்குனி உத்திரத்திற்குப் பகாங் மாரான் முருகன் கோயிலுக்கும் சிகாமட்டிலிருந்து லாரியிலும் பேருந்திலும் சென்றோர் ஒவ்வொருவரும் ஏதேனுமொரு காரணம் கொண்டே சென்றனர். மடித்த தாளில் கொண்டுவந்த திருநீறு பெட்டியினுள் கிடக்கின்றது. எந்தப் பிள்ளையின் காய்ச்சலுக்காக அது வந்தது என்பதைச் சொல்ல ஆளில்லை. கோயில் மலருக்கு வாழ்த்துரை கேட்டு வாங்குவோர் பலர். அடியார் ஒருவரின் வேண்டுதலைக் கேட்டெழுதுவோர் அரியர்.

சான்றாக நின்ற சிலம்பு

‘இவையெல்லாம் மனநெகிழ்ச்சிக்கு உரியவை; வாழ்வுக்கு உதவுமா?’ என வினவுவோர் உளர். அவர்களுக்குச் சிலப்பதிகாரமே விடை கூறும். பாண்டியன் அவையில் கண்ணகிக்குத் துணை நின்றது படையன்று, பணமன்று, ஒரு காற்சிலம்பு. அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டியதும் நீதி வெளிப்பட்டது. தமிழ்மாணவர் யாவரும் அறிந்த இக்கதையில் அவர்கள் கருதாத செய்தி ஒன்றுண்டு. தன் சிலம்பினுள் இருப்பது இன்னதென்று கண்ணகி முன்னமே அறிந்திருந்தாள். அறியாதிருந்தால் சிலம்பு கையில் இருந்தும் வழக்கில் தோற்றிருப்பாள்.

மலேசியத் தமிழர் பலர் அவ்வாறு தோற்றனர். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வேண்டியதன் இன்றியமையாமையைத் தோட்டத்து மக்களில் பலர் உணரவில்லை. குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்னும் சட்டம் 1968இல் இயற்றப்பட்டு நடைமுறைக்கு வந்தபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பல்லாயிரவர் பிறந்த பிள்ளைகளையும் வளர்த்த மரங்களையும் விட்டுத் தமிழகம் திரும்ப நேர்ந்தது. அதற்குப்பின்னும் தொல்லை தீரவில்லை. தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தாள், தந்தையின் பிறப்புப் பத்திரம் எங்கே என்னும் வினாக்களுக்கு விடை கூற இயலாமல், பிறந்த மண்ணிலேயே நாடற்றவராகத் தலைமுறைகள் நின்றன. 2011இல் ‘மைடாஃப்தார்’ என்னும் பதிவு இயக்கத்தை அரசு நடத்தியபோது, ஆவணமற்ற இந்தியர் ஆயிரக்கணக்கில் வந்து வரிசையில் நின்றனர். அவ்வரிசையில் நின்றோருள் எத்தனை பேர் வீட்டில் ஒரு காகிதம் போகி நெருப்பில் கருகியிருக்கும்! பெட்டியைக் காத்தல் வெறும் மனநெகிழ்ச்சி என்போர் அவ்வரிசையை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எழுதியோரும் எழுதாதோரும்

இதனினும் பெரிய சான்று சயாம்–பர்மா மரண இரயில் பாதை. ஜப்பானிய இராணுவம் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையில் பணியாற்ற மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பெருந்தொகையினராகக் கொண்டுசெல்லப்பட்டனர். ஆசைகாட்டி அழைத்துச் செல்லப்பட்டோரும் உண்டு. வலிந்து இழுத்துச் செல்லப்பட்டோரும் உண்டு. வாந்திபேதியாலும் பசியாலும் அவர்கள் பல்லாயிரவராக மடிந்தனர். நேசநாட்டுப் போர்க்கைதிகளும் அங்கே மடிந்தனர். ஆயினும் மாண்ட ஆசியத் தொழிலாளரின் தொகை அவர்தம் தொகையினும் மிகப் பெரிது.

இன்று காஞ்சனபுரிக்குச் செல்வோர் அங்கே போர்க்கைதிகளின் கல்லறைகளை ஏறக்குறைய 7,000 அளவில் காண்பர். பெயரும் வயதும் பொறித்து, புல்வெட்டி, பூச்செடி வைத்துக் காக்கப்படும் கல்லறைகள் அவை. தமிழருக்கு அவ்வாறு பெயர் பொறித்த கல்லறை வரிசை இல்லை. வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. வென்ற அரசு தன் வீரரைத் தேடிற்று. கூலித்தொழிலாளியைத் தேட ஆளில்லை. ஆனால் மற்றொரு காரணமும் உண்டு. போர்க்கைதிகள் எழுதினர். கண்டெடுக்கப்பட்டால் அடிவிழும், உயிரும் போகும் என்றறிந்தும், இன்று உண்டது என்ன, இறந்தது யார், மழை எத்தனை நாள் பெய்தது என்று துண்டுத்தாள்களில் குறித்து மண்ணில் புதைத்தும் மூங்கிலில் ஒளித்தும் காத்தனர். ஆஸ்திரேலிய மருத்துவர் எட்வர்டு டன்லப்பின் நாட்குறிப்பு 1986இல் நூலாக வந்து உலகம் முழுதும் படிக்கப்பட்டது. அந்நாட்குறிப்பில் பெரும்பகுதி அரிசி அளவு, நோயாளி எண்ணிக்கை முதலிய அன்றாடச் செய்திகளே.

தமிழ்த் தொழிலாளருள் எழுத்தறிந்தோர் சிலரே; அவரும் தாளின்றி, கோலின்றி வாடினர். அவர்களைக் குறைகூற யாருக்கும் வாய் வராது. திரும்பி வந்தோரைக் கேட்டெழுதாதவர் குற்றம் மன்னிக்கத்தக்கதா? சயாமுக்குப் போய் உயிரோடு மீண்டவர்கள் 1950களிலும் 1960களிலும் தோட்டத்து லயங்களிலேயே வாழ்ந்தனர். மாலையில் திண்ணையில் அமர்ந்து, காலிலிருந்த புண்தழும்பைக் காட்டிக் கதை சொன்னவர் அவர்கள். அதே தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி இருந்தது, தமிழாசிரியர் இருந்தார், கட்டுரை ஏடும் இருந்தது. நாடு விடுதலை பெற்றபோது 800க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பள்ளிக்கு ஒரு மாணவன், ஒரு முதியவரை, ஒரு மாலைப்பொழுதில் கேட்டு எழுதியிருந்தால் எண்ணூறு வாக்குமூலங்கள் இன்று கிடைத்திருக்கும். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்கள் பின்னாளில் அக்குறையை ஓரளவு நிறைவு செய்தன. அவற்றை எழுதியோர்க்குச் சமுதாயம் கடப்பாடுடையது. எனினும், போர் முடிந்து பல்லாண்டு கழிந்து தனிமனிதர் இருவர் சுமந்த சுமையை, எண்ணூறு பள்ளிகள் அந்நாளிலேயே பகிர்ந்து சுமந்திருக்கலாம்.

சிறிய பொருள் என்னும் பழி

‘இலக்கியம் உயர்ந்த பொருளைப் பாடவேண்டும், அடுப்படியையும் தகரப்பெட்டியையும் பாடுவதா?’ என்பது கற்றறிந்தோர் சிலரின் கூற்று. தமிழ் இலக்கியத்தைப் பழுதறக் கற்றவர் இவ்வாறு கூறார். குறுந்தொகையில் கூடலூர் கிழார் பாடிய செய்யுளில் நிகழ்வது யாது? புதிதாக இல்லறம் ஏற்ற பெண் தயிரைப் பிசைந்த விரலை ஆடையில் துடைத்துக்கொள்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் படிகின்றது. அவள் சமைத்த குழம்பை இனிதென்று கணவன் உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கின்றது. போரில்லை, அரசனில்லை, அறவுரையில்லை. ஒரு வீட்டில் ஒரு வேளைச் சோறு, அவ்வளவே. அச்சோற்றைத்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர் உண்டு மகிழ்கின்றனர்.

புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பும் இவ்வகையினதே. கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, இன்னார் இன்னாரிடம் இன்னது சொன்னார் என்று பேச்சுத்தமிழ் கலந்து அவர் எழுதிக் குவித்தார். அது ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக 1904 முதல் 1928 வரை வெளிவந்தது. பிரெஞ்சுக்காரர் தம் வரலாற்றை எழுதவும் அதனைத் தேடுகின்றனர். தமிழ்த்தாத்தா உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ எழுதுகையில் தாம் பதிப்பித்த நூல்களை மட்டுமா கூறினார்? தந்தையார் பட்ட கடனையும், ஊர்விட்டு ஊர் பெயர்ந்ததையும், ஆசிரியரோடு கழித்த பொழுதுகளையும் கூறினார். அன்றாட வாழ்வு அவருக்குச் சிறிதாகப் படவில்லை. பிற்காலத்தார் சிலருக்கு மட்டும் அது சிறிதாகப் படுமானால், குறை பொருளிலன்று. காண்போர் கண்ணிலேயே உள்ளது.

கதிரவன் எழும் கட்டுரைகள்

இனி வகுப்பறைக்குள் நுழைவோம். ‘மறக்க முடியாத ஒரு நாள்’ என்னும் தலைப்பை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகின்றார். முப்பது ஏடுகளிலும் முதல் வரியில் கதிரவன் எழுகின்றான், பறவைகள் பாடுகின்றன, தென்றல் தவழ்கின்றது. வெளியே வடகிழக்குப் பருவமழை மூன்று நாளாகக் கொட்டிக்கொண்டிருக்கும். அடுத்த பத்தியில் மாணவன் தான் காணாத கேமரன் மலைக்குப் போகின்றான். இறுதிப் பத்தியில் எல்லாரும் மகிழ்ச்சிக் கடலில் மூழ்கி வீடு திரும்புகின்றனர். முப்பது சிறுவர்க்கும் ஒரே கடல்.

2025 ஆகஸ்டு 24, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறுமணி கடந்த சிறிது நேரத்தில் சிகாமட்டில் நிலம் அதிர்ந்தது. அளவு 4.1. நிலநடுக்கத்தை நூலில் மட்டுமே அறிந்த ஊர் அது. அந்நேரத்தில் கதிரவன் எழவில்லை, இருள் விலகவில்லை. பாத்திரம் உருண்டதா, சுவாமி படம் ஆடியதா, பாட்டி எந்தத் தெய்வத்தை அழைத்தாள், அண்டைவீட்டுச் சீனரும் மலாய்க்காரரும் வாசலில் நின்று என்ன பேசிக்கொண்டனர் என்பன ஒவ்வொரு பிள்ளைக்கும் கண்முன் நிகழ்ந்தவை. அதைக் கேட்டு எழுதவைத்த ஆசிரியர் வாழ்க! கேட்காதவர் தம் ஊர் அளித்த பாடநூலைத் திறக்காமலே மூடிவிட்டார்.

மாதிரிக் கட்டுரைக்காகப் பேசுவோர் தேர்வைக் காரணம் காட்டினர். புள்ளி வேண்டும், பெற்றோர் கேட்கின்றனர், கண்காணிப்பாளர் வருகின்றார் என்றனர். ஆசிரியர்தம் சுமை பெரிது என்பது மறுக்கவொண்ணாத உண்மை. ஆனால் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, மனப்பாடம் போகவில்லை. ஆகவே நோய் தேர்வில் இல்லை, பழக்கத்தில் உள்ளது. ‘தெரிந்ததிலிருந்து தெரியாததற்கு, அண்மையிலிருந்து சேய்மைக்கு’ என்பது ஆசிரியப் பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கப்படும் நெறி. அந்நெறியை ஒப்புவித்துச் சான்றிதழ் பெற்றவரே, வகுப்பில் நுழைந்ததும் சேய்மையிலிருந்து தொடங்குகின்றார்.

இப்பழக்கத்தால் விளையும் பெருங்கேடு வேறு. பத்து வயதுப் பிள்ளை தான் காணாததைக் கண்டதாகவும், போகாத இடத்திற்குப் போனதாகவும் எழுதிப் பாராட்டுப் பெறுகின்றது. ஆண்டுக்கணக்கில் இவ்வாறு எழுதிப் பழகியபின் அதன் உள்ளத்தில் ஓர் எண்ணம் வேரூன்றுகின்றது: தமிழ் என்பது நடக்காததை அழகாக எழுதும் மொழி, நடந்ததைச் சொல்ல வேறு மொழி உண்டு. பின்னர் அப்பிள்ளை தோழிக்குத் தன் துயரை எழுதும்போது ஆங்கிலத்தை நாடுகின்றது, மலாயை நாடுகின்றது. தமிழை மேடைக்கும் திருமண வாழ்த்துமடலுக்கும் ஒதுக்கிவிடுகின்றது. மொழி அழிவதென்பது சொற்கள் மறைவதால் மட்டும் நேர்வதன்று. உண்மையைச் சொல்லும் கடமை அதனிடமிருந்து பறிக்கப்படும்போது அழிவு தொடங்கிவிடுகின்றது. தமிழ்ப்பள்ளிகளைக் காக்கப் போராடும் சமுதாயம், அப்பள்ளிகளுக்குள்ளேயே தமிழ் பொய்மொழியாக்கப்படுவதைக் காணாதிருப்பது வியப்பிலும் வியப்பு.

வறுமை மறைக்கத்தக்கதா?

மற்றொரு தடை பெற்றோரிடமிருந்து எழுகின்றது. ‘அந்தக் கஷ்டமெல்லாம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்’ என்பர். விடியற்காலைப் பெரட்டு, தோளில் காண்டாக்கம்பு, ஆயாக்கொட்டகையில் விட்டுவந்த கைக்குழந்தை, கிராணியின் ஏச்சு ஆகியவற்றை நினைக்கவும் அவர்கள் நாணுகின்றனர். இந்நாணம் இரக்கத்திற்குரியது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. மழைநாளில் மரம் வெட்ட முடியாமல் கூலியிழந்தும், பிள்ளையின் பள்ளிப்பணத்தை முந்தானையில் முடிந்து காத்தவள் செய்தது குற்றமா, தவமா? தவத்தைக் குற்றம்போல் மறைத்தால், பேரன் தன் வளர்ச்சி தன்னால் மட்டும் வந்ததென்று எண்ணுவான். தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கின்றது. அயல்நாட்டுத் தொழிலாளர் உழைக்கின்றனர். தன் பாட்டியின் கதையை அறிந்த பிள்ளை அவர்களை இழிவாக நோக்காது. அறியாத பிள்ளை, அன்று தன் முன்னோர்க்குப் பிறர் இட்ட இழிபெயரை இன்று அவர்களுக்கு இடும்.

செய்யத்தக்கது

குறைகூறி நிறுத்துதல் ஆசிரியர்க்கு அழகன்று. செய்யத்தக்கது எளியது; செலவுமில்லை. ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு மாணவனும் வீட்டிலுள்ள ஒரு பழைய பொருளைத் தேர்ந்துகொள்ளட்டும். அது யாருடையது, எங்கிருந்து வந்தது, ஏன் எறியப்படவில்லை என்னும் மூன்று வினாக்களை மூத்தோரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதட்டும். பசியாறினாயா என்று பாட்டி கேட்டால் பசியாறினாயா என்றே எழுதட்டும். அதைத் திருத்தி, மங்கு, லயம், பெரட்டு, தண்டல் ஆகிய சொற்களுக்குச் சிவப்புக்கோடு இடுதல் வேண்டாம். நாள், ஊர், தோட்டத்தின் பெயர் ஆகியவை கட்டாயம் இடம்பெறட்டும். கதிரவனுக்கு மட்டும் அக்கட்டுரைகளில் விடுமுறை அளிக்கட்டும்.

எழுதியவற்றைப் பள்ளி தொகுத்து வைக்கவேண்டும். வெள்ளம் எட்டாத மேல்தளத்தில் வைக்கவேண்டும். எழுத்தாளர் சங்கங்கள் பரிசுப்போட்டிகளுக்குத் தலைப்புக் கொடுக்கும்போது வானத்தையும் நிலவையும் சிறிதுகாலம் ஒதுக்கி, வீட்டுவாசலை நோக்கித் தலைப்பைத் திருப்பவேண்டும். 1950களில் ‘தமிழ் முரசு’ நடத்திய மாணவர் மணிமன்றம் பள்ளிப்பிள்ளைகளுக்கு எழுதும் களத்தைத் திறந்தது. அதில் எழுதிப் பழகியோரிலிருந்து ஓர் எழுத்தாளர் தலைமுறையே எழுந்தது. அன்று கூடியது இன்று கூடாதென்பது சோம்பலின் குரல்.

காலம் மிகக் குறைவு. ரஜூலாவில் வந்தவர், சயாம் சென்ற தந்தைக்காகக் காத்திருந்தவர், சிவப்பு அட்டையோடு அலைந்தவர் ஆகியோரில் எஞ்சியோர் சிலரே. அடுத்த வெள்ளம் எந்த டிசம்பரில் வருமென்று எவரும் கூறவியலாது. சிகாமட்டின் ஏதோவொரு வீட்டில், கட்டிலின் கீழ், ஒரு தகரப்பெட்டி இன்னும் இருக்கின்றது. அதைத் திறந்து உள்ளே இருப்பது மாணிக்கமா, முத்தா என்று கூறவல்ல மூதாட்டி, கேட்பார் எவருமின்றிப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கின்றாள். தமிழ்ப்பள்ளியின் மணி அடித்தாயிற்று. பிள்ளை வீடு திரும்பிக்கொண்டிருக்கின்றது. அதன் பையிலுள்ள ஏட்டில் ஆசிரியர் இன்று என்ன தலைப்பு எழுதிக் கொடுத்திருக்கின்றார் என்பதே வினா.